மலைப்பிள்ளை ஆளாகிற கதையை யார் எடுப்பது?

‘கல்வராயன் மலையை வச்சு ஒரு படம் பண்ணணும் தோழர்’ என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 2024 ஜூனுக்குப் பிறகு இந்தப் பேச்சு ரொம்பவே கூடிப்போனது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். நம்ம சனம், கூலிக்குப் போய்விட்டு வந்து உடம்புவலிக்குக் குடித்த சனம். பிணங்களை எரித்து முடிப்பதற்குள் கேமராக்கள் மலையேறிவிட்டன. ஊறல் பானை, அதை உடைக்கிற போலீஸ், காட்டுக்குள் ஓடுகிற ஆள். ‘சாராய மலை’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. மெத்தனால் மலையில் காய்க்கிற சரக்கல்ல, ஆலைச் சரக்கு என்று சொல்ல எந்தக் கேமராவுக்கும் நேரமில்லை. அடுத்த மாதமே சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்கள் நிலைமை பற்றி வழக்கெடுத்தது. ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே என்று அரசாங்கத்தைக் கேட்டது. உடனே இன்னொரு வகைக் கேமரா ஏறியது. டோலி கட்டித் தூக்கும் கர்ப்பிணி, கிழிந்த பாவாடைப் பிள்ளை, பின்னணியில் புல்லாங்குழல். ரெண்டே மாசத்தில் ஒரே சனம் குற்றவாளியாகவும் ஆனது, அப்பாவியாகவும் ஆனது. ரெண்டையும் தீர்மானித்தது கீழே இருந்து போன கண்.

இந்த ரெண்டு படத்துக்கும் நடுவில் ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது. வெள்ளிமலையில், இன்னாட்டில், சேராப்பட்டில், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கிற பிள்ளை. அதற்கும் முதல் பொய், முதல் திருட்டு, முதல் ஆசை, முதல் வெட்கம் எல்லாம் உண்டு. அப்பனை முதல்முறையாகப் பயமில்லாமல் நிமிர்ந்து பார்த்த நாள் ஒன்று உண்டு. திரைப்பட விழாக்காரர்கள் இந்த வகைக்கு ‘கமிங் ஆஃப் ஏஜ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர்ப் பேச்சில் ‘ஆளாவது’. தமிழில் மலைப்பிள்ளை ஆளாகிற படம் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். மலைப்பிள்ளையே எடுத்த படம் என்று கேட்கவில்லை, அது பேராசை. சும்மா, மலைப்பிள்ளை வளர்கிற படம்.

எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்லவேண்டும். இந்தப் பழக்கம் சினிமாவில் ஆரம்பித்ததல்ல. குறிஞ்சித் திணையைப் பிரித்துப் பாருங்கள். பரண்மேல் உட்கார்ந்து தினைப்புனத்தில் கிளியோட்டுகிற பெண், வேட்டை நாயோடு வந்து ‘இந்தப் பக்கம் யானை வந்ததா’ என்று கேட்கிற வெளியூர்க்காரன், மகள் உடம்பின் மாற்றத்தைப் பார்த்து வீட்டில் அடைக்கிற தாய், வேலனைக் கூட்டிவந்து வெறியாட்டு. ஒரு மலைப்பெண் ஆளாகிற கதை முழுசாக இருக்கிறது. பாடியது யார்? குறிஞ்சிக்கென்றே பெயர் வாங்கியவர் கபிலர், தன்னை அந்தணன் என்று பாட்டிலேயே சொல்லிக்கொண்டவர். மலையும் மலைச்சனமும் கருப்பொருள். உரிப்பொருள் வேட்டைக்கு வந்தவனின் காதல். வகுப்பில் இதை வருஷக்கணக்கில் மனப்பாடம் செய்தோமே, அந்தப் புனம் யாருடையது, தினை யார் குதிருக்குப் போனது என்று ஒரு வாத்தியாராவது கேட்டாரா?

கேட்டிருந்தால் கல்வராயன் மலையின் கதை வந்திருக்கும். சடையக் கவுண்டன் ஜாகிர், குறும்பக் கவுண்டன் ஜாகிர், ஆரியக் கவுண்டன் ஜாகிர் என்று மூன்று ஜாகிராகக் கிடந்த மலை அது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழித்து, 1976-இல்தான் ஜாகிர் போய் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. வனத்துறை வந்தது, ரிசர்வ் காடு என்றது. 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பட்டாவுக்கு இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சாமையும் தினையும் போட்ட சரிவில் மரவள்ளி ஏறியது. கிழங்கு சேகோ ஆலைக்கு இறங்கியது, கூடவே ஆளும் இறங்கியது. கரும்பு வெட்ட, மிளகு பறிக்க, திருப்பூருக்கு, கடைசியில் செம்மரம் வெட்ட ஆந்திராவுக்கு. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுக்கொன்ற 20 பேரும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். அந்தச் சாவு விழுந்த வீடுகள் ஜவ்வாது மலை, சித்தேரி, கல்வராயன் என்று நீள்கிற இந்த மலைத்தொடரைச் சுற்றித்தான் இருக்கின்றன. அன்றைக்கு அந்த வீடுகளில் பத்து வயசாக இருந்த பையனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. அவன் எப்படி ஆளானான்?

தமிழ் சினிமா இந்தப் பையனைப் பார்த்திருக்கிறதா? ‘ஜெய் பீம்’ 2021-இல் வந்தபோது நாமெல்லாரும் அழுதோம், சரி. 1993-இல் கம்மாபுரம் போலீஸ் ஸ்டேஷனில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர். படத்தில் இருளராக மாறிப்போனார். அதை விடுங்கள். படத்தில் ஒரு சிறுமி இருக்கிறாள், அல்லி. அவள் ஆளாகிற காட்சி என்று ஒன்றே ஒன்றுதான். கடைசியில் வக்கீலுக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, அவர் கண்ணால் ‘ம்’ சொன்னதும் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் பிரிக்கிறாள். படம் தியேட்டருக்கு வரவில்லை, வீட்டிலேயே கைதட்டினார்கள். அல்லியின் வளர்ச்சிக்கு அளவுகோல் வக்கீலின் கால். அவள் அம்மாகிட்டயோ பாட்டிகிட்டயோ எதையும் கத்துக்கிட்டு வளர்ந்ததாக படத்துக்கு ஞாபகமே இல்லை. 2023-இல் ‘விடுதலை’ முதல் பாகம். மலைச்சனத்தை ஸ்டேஷனில் நிர்வாணமாக்கிச் சித்திரவதை செய்கிற காட்சிகள் வாச்சாத்தியை ஞாபகப்படுத்தின. 1992 ஜூன் 20-இல் நடந்த வாச்சாத்திக் கொடுமைக்கு 215 பேரைக் குற்றவாளிகள் என்று 2011-இல் தீர்ப்பு வந்தது, 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதையெல்லாம் சினிமா தொட்டது நல்லதுதான். ஆனால் அங்கேயும் மலை தெரிவது ஒரு கான்ஸ்டபிளின் கண் வழியாக. வளர்கிறவன், மனசாட்சி பெறுகிறவன் கான்ஸ்டபிள். அவன் திருந்துவதற்காக நம்ம பொம்பளைங்க அம்மணமாக நிற்கவேண்டியிருக்கிறது!

பத்திரிகைக்காரர்களுக்கு வேறு ஒரு கதை கிடைத்திருக்கிறது. 2024-இல் ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி சிவில் நீதிபதி ஆனார். அதே வருஷம் பச்சைமலை ரோகிணி திருச்சி என்.ஐ.டி.க்குப் போனார். ரெண்டு பேரும் மலையாளிப் பழங்குடிப் பெண்கள். (கேரள மலையாளி இல்லை, மலையை ஆள்கிறவன் மலையாளி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேரில் இவர்கள் 3,57,980. இதையே ஒவ்வொரு தடவையும் விளக்கவேண்டியிருக்கிறது.) அந்தப் பெண்களின் உழைப்புக்கு முன்னால் கைகூப்பத்தான் வேண்டும். ஆனால் பேப்பரில் எழுதுகிற விதத்தைப் பாருங்கள். மலையைவிட்டு இறங்கினால்தான் வளர்ச்சி, முதல் ஆளாக வந்தால்தான் செய்தி. பத்தாவதில் பெயிலாகி வீட்டிலேயே இருக்கிறவள், பதினாறில் கல்யாணம் கட்டிவைக்கப்பட்டவள், ரெண்டு வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவள், இவர்கள் ஆளாகவில்லையா?

இப்போது காரோ மலைக்கு வாருங்கள். மேகாலயாவில் டொமினிக் மேகம் சங்மா என்று ஒரு காரோ இளைஞர். கொல்கத்தா சத்யஜித் ராய் திரைப்படக் கல்லூரியில் படித்தவர். 2018-இல் ‘மா.அமா’ எடுத்தார், தன் சொந்த அப்பா பிலிப் சங்மாவையே நடிக்கவைத்து. 2023-இல் எடுத்த படம் ‘ரிம்டோகிட்டாங்கா’, வெளியில் ‘ராப்ச்சர்’ என்று போனது. சுவிட்சர்லாந்தின் லோகார்னோ விழாவில் முதலில் திரையிட்டார்கள். முழுக்கக் காரோ மொழி. முகங்கள் சினிமா முகங்கள் இல்லை, அந்தப் பக்கத்துச் சனங்களின் முகங்கள். பத்து வயசுப் பையன் காசான். அவனுக்கு மாலைக்கண். ஊர் முழுக்க ராத்திரியில் விளக்கெடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் சில்வண்டு பிடிக்கிறார்கள். அது அவர்களுக்குச் சாப்பாடு, திருவிழாவும்கூட. அங்கே போன ஒருத்தன் திரும்பவில்லை. பிள்ளை பிடிக்கிறவன், உறுப்பு திருடுகிறவன் என்று புரளி கிளம்புகிறது. இன்னொரு பக்கம் சர்ச்சில் 80 நாள் இருட்டு வரப்போகிறது என்று சொல்கிறார்கள். ஊர் காவல் நிற்கிறது, வெளியாள் மேல் சந்தேகம் திரும்புகிறது. ராத்திரியில் கண் தெரியாத பையன் பெரியவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். தன்னை வளர்த்த சனம், ஜெபம் சொல்லிக்கொடுத்த சனம், சோறு போட்ட சனம், பயத்தில் என்னவாக மாறுகிறது என்று பார்க்கிறான்.

இந்தக் கதையை டெல்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ ஒருத்தர் போய் எடுத்திருந்தால் எப்படி வந்திருக்கும்? ‘பழங்குடிகளின் மூடநம்பிக்கை’, ‘கும்பல் வெறி’ என்று வந்திருக்கும். அல்லது ஜாக்கிரதையான முற்போக்காளராக இருந்தால் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டார். சில்வண்டையும் பாட்டையும் மட்டும் எடுத்து, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று முடித்திருப்பார். சங்மா ஊரைத் திட்டவில்லை, காப்பாற்றவுமில்லை. சின்ன வயசில் தான் பயந்த பயத்தை எடுத்திருக்கிறார். புரளியை நம்பினவர்களின் முகத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்த பயம். அதனால் அந்த முகங்கள் கேவலமாகத் தெரியவில்லை. நமக்கும் அந்தப் பயம் தெரியாததல்ல. 2018 மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடக் காரில் வந்த ஒரு வயசான அம்மாவை, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிக்கிறவள் என்று சொல்லி அடித்தே கொன்றார்களே. அதைச் செய்த ஊரில் வளர்கிற பிள்ளை எதைப் பார்த்தது என்று தமிழில் படம் எடுத்தார்களா?

நான் சொல்ல வந்தது இதுதான். ஆளாவது என்றால் தன் சனத்தின் கோணலைப் பார்த்துவிடுவது, பார்த்த பிறகும் அந்தச் சனத்தோடு இருப்பதா போவதா என்று திண்டாடுவது. அந்தத் திண்டாட்டம் வெளியாளுக்குக் கிடையாது. அவருக்கு இருப்பது அனுதாபம். அனுதாபம் நம்மை அப்பாவியாக்குகிறது. அப்பாவி எப்போதும் குழந்தைதான், அவனுக்கு வயசே ஏறாது. மலையில் ஊறல் போடுகிற வீட்டில் பிறந்த பையன் பள்ளிக்கூட பீஸ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்கிற நாளை யார் எடுப்பது? கருணாபுரத்தில் விழுந்த பிணங்களை அவன் டி.வி.யில் பார்த்தபோது அவன் வீட்டில் என்ன பேசினார்கள்? செம்மரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டும் சொந்த மாமன்தான் என்று தெரிகிற இடத்தை யார் எடுப்பது? நாம் எடுத்தால் அது மலையைக் காட்டிக்கொடுப்பது. போலீஸ்காரன் கையில் ஒரு சாட்சி கூடக் கிடைக்கும். அவன் எடுத்தால் அது அவன் வீட்டுக் கதை.

உலகத்தில் இது புதுசும் இல்லை. கனடாவின் வடக்கே இக்லூலிக்கில் சக்கரியாஸ் குனுக் என்ற இனுவிட்காரர் 2001-இல் ‘அட்டநார்ஜுவாட்’ எடுத்தார். இனுக்டிடூட் மொழியிலேயே முழுசாக எடுத்த முதல் கதைப்படம், கான் விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா வாங்கியது. நூறு வருஷமாக வெள்ளைக்காரன் பனிவீட்டுக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்த சனம் அது. ஸ்வீடனில் அமாண்டா கெர்னெல் 2016-இல் எடுத்த ‘சாமி பிளட்’ இன்னும் நமக்கு நெருக்கம். 1930-களில் சாமி இனத்துப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம். 14 வயசு எல்லே-மார்யாவின் மண்டையை அளக்கிறார்கள், மற்ற பிள்ளைகள் முன்னால் துணி கழற்றிப் போட்டோ எடுக்கிறார்கள். அவள் என்ன செய்கிறாள்? புரட்சி செய்யவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு, தங்கச்சியை விட்டுவிட்டு, ஸ்வீடன்காரியாகிவிடுகிறாள். கெர்னெலின் அப்பா சாமி. அக்கா தங்கையாக நடித்தவர்கள் நிஜத்திலும் மான் மேய்க்கிற சாமிக் குடும்பத்து அக்கா தங்கைகள். தன் சனத்தைக் கைவிட்டவளைக் கதாநாயகியாக வைக்கிற தைரியம் உள்ளேயிருந்துதான் வரும். ஹாஸ்டலில் சாதிப்பெயரை மறைத்துப் படித்த நம்ம பிள்ளைகளுக்கு அந்தப் படத்துக்கு சப்டைட்டிலே வேண்டாம்.

நம்மிடம் கிட்டத்தில் இருப்பது 2024-இல் மாரி செல்வராஜின் ‘வாழை’. தலித் பையனின் சிறுவயசு, எடுத்தவர் அந்தப் பையன். தார் சுமக்க வெறுத்து, முள்ளுக் குத்திவிட்டது என்று பொய் சொல்கிற பிள்ளை. பாவப்பட்ட பிள்ளையைக் காட்டுகிறவர்கள் பிள்ளை சொல்லும் பொய்யைக் காட்டமாட்டார்கள். அந்தப் பொய்தான் கடைசியில் சாவோடு வந்து முட்டுகிறது. தாமிரபரணிக் கரைக்கு அது வாய்த்தது. கோமுகி உற்பத்தியாகிற மலைக்கு எப்போது?

‘அப்படியானால் பிறர் எழுதவே கூடாதா, எடுக்கவே கூடாதா’ என்று ஒரு கேள்வி வரும். தொண்ணூறுகளில் தலித் இலக்கியத்தைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி, முப்பது வருஷமாகப் புளித்துப்போன கேள்வி. எடுங்கள், யார் கையைப் பிடித்தது? ச.பாலமுருகன் 2004-இல் ‘சோளகர் தொட்டி’ எழுதினார், சோளகர் இல்லை, நல்ல நாவல். ஆனால் 1992-இல் பாமாவின் ‘கருக்கு’ வந்தபோது அதுவரை இரக்கத்தோடு எழுதிவந்தவர்களின் பக்கங்கள் எல்லாம் திடீரென்று வெளிறிப்போனதைப் பார்த்தோம். கேரளத்தில் மலையரயர் சமூகத்து நாராயண் 1998-இல் ‘கொச்சரேத்தி’ நாவலை வெளியிட்டார். வெளியாட்கள் ஆதிவாசிகளை எழுதிய விதம் பொறுக்காமல் எழுத வந்தவர் அவர். யாரையும் தடுக்கத் தேவையில்லை. உள்ளேயிருந்து ஒன்று வந்தால் போதும், மற்றதெல்லாம் தன் அளவுக்குச் சுருங்கிவிடும்.

அந்த ஒன்று ஏன் வருவதில்லை? பணம். பேச்சில் முற்போக்கும் பட்ஜெட்டில் மனுதர்மமும். சங்மாவின் படத்துக்கு சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, கத்தார், சீனா என்று பணம் சேரவேண்டியிருந்தது, காரோ மலை இந்தியாவில் இருந்தும். கேரள அரசு பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கு ஒரு படத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை கொடுக்கும் திட்டம் வைத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைக்கொள்கை மாநாட்டில் அடூர் கோபாலகிருஷ்ணன் இந்தப் பணத்தைப் பற்றிப் பேசினார். அப்படியே தூக்கிக் கொடுக்கக்கூடாதாம், மூன்று மாதமாவது வல்லுநர்களிடம் பயிற்சி வேண்டுமாம், ஒன்றரைக் கோடியை ஐம்பது ஐம்பது லட்சமாகப் பிரிக்கலாமாம். அரங்கத்திலேயே எதிர்ப்புக் கிளம்பியது. பயிற்சி நல்லதுதானே என்று இங்கேயும் சில பேர் வக்காலத்து வாங்கினார்கள். நல்லதுதான். மிராசுதார் வீட்டுப் பிள்ளை அப்பன் காசில் ஐம்பது கோடியை எரித்தபோது எந்த மேதை எழுந்து மூன்று மாதப் பயிற்சி கேட்டார்? அடூரின் படங்கள் பெரிய படங்கள், மறுக்கவில்லை. பெரிய படம் எடுத்தவரின் வாயில் அந்தப் பேச்சு வந்ததால்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

நம்ம அரசாங்கத்துக்கு வருவோம். தரமணியில் திரைப்படக் கல்லூரி இருக்கிறது. வெள்ளிமலையிலிருந்து தரமணிக்கு எத்தனை மைல் என்று கேட்டால் மேப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம், எத்தனை தலைமுறை என்று கேட்டால் யார் சொல்வது? உண்டு உறைவிடப் பள்ளிகள் அரசாங்கம் கட்டியவைதானே. ஒவ்வொன்றிலும் ஒரு கேமரா, ஒரு எடிட்டிங் கம்ப்யூட்டர், சம்பளத்துக்கு ஒரு ஆள் வைத்தால் கஜானா காலியாகிவிடுமா? பிள்ளைகள் செல்போனில் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் கல்லூரி படிக்கிற மலைப்பையன் ஒருத்தன் தன் போனைக் காட்டினான். பாட்டி கடுக்காய் பொறுக்கிக்கொண்டே அவனைத் திட்டுகிறாள், முழுசாக நாலு நிமிஷம், வெட்டே இல்லாமல். ‘இதுல என்ன கதை’ என்று எங்களோடு இருந்த தோழர் கேட்டார். ‘திட்டி முடிச்சதும் எனக்கு இருபது ரூபா குடுத்துச்சுண்ணா, அத எடுக்கல’ என்றான்.

கடைசியாக நமக்குள்ளே ஒரு பேச்சு. மேலே ஏறிப் படமெடுக்கத் துடிக்கிறவர்களில் நம்ம தோழர்களும் உண்டு. ‘தலித்தும் பழங்குடியும் ஒண்ணுதானே, நாம எடுத்தா என்ன’ என்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் எஸ்.சி., எஸ்.டி. என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டால் ஒன்றாகிவிடுமா? மலையாளிகளின் பூர்வகதை என்ன சொல்கிறது? காஞ்சிபுரத்து வேளாளர்கள், மூன்று அண்ணன் தம்பிகள், மலையேறிக் குடியிருந்தார்கள் என்று. தர்ஸ்டன் காலத்திலேயே எழுதிவைத்த கதை. ஜாகிர்தார் பெயரிலும் கவுண்டன், கூலிக்குப் போகிறவன் பெயரிலும் கவுண்டன். அந்தப் பட்டத்துக்குள்ளே நமக்கான தீட்டும் மடித்து வைத்திருக்கிறது. மலையின் டீக்கடையில் நம்மாளுக்கு என்ன மரியாதை என்று நமக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். இதை நாம் போய் எடுத்தால் கணக்குத் தீர்ப்பது மாதிரி இருக்கும். எடுக்காமல் விட்டால் பொய்யாக இருக்கும். தன் தாத்தன் ஒருத்தனை ஏன் திண்ணையில் ஏற்றவில்லை என்று கேட்டு வளர்ந்த மலைப்பிள்ளை எடுக்கட்டும்.

அந்தப் படத்தில் நாமும் வருவோம். எப்படி வருவோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் ‘மலையான் வந்துட்டான்’ என்று சிரிக்கிற கூட்டத்தில் நாம் இருப்போம். கிழங்கு எடை போடுகிற இடத்தில், மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு என்று வியாபாரி அடிக்கிறபோது, தராசுக்குப் பக்கத்தில் சாக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்கிற கூலியாளாக இருப்போம். பையன் அவன் அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பான்.